ஜாங்கிரி சாப்பிட்டுச்சா?

கோம்பை
8-7-2024

தேவதானப்பட்டி சம்பந்தியம்மா மலையம்மாளுக்கு, கோம்பை கருத்தம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கன நான் சுகம். அங்கன நீங்க சுகமா இருக்கீகன்னு பேத்தி கயல் ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிருச்சு. அதனால தனியா விசாரிக்கல.

இந்தக் கடுதாசியைப் பார்த்துட்டு நான் இறங்கி வந்துட்டேன்னு நினைக்க வேண்டாம். பிள்ளை காதுகுத்துல உங்க மகன் சண்முகராஜ் நேரத்துக்கு வரல. நல்ல நேரம் தப்பிப்போகுதேன்னு எங்க பெரியப்பா மகன் மடியில உட்கார வச்சுக் குத்தினோம். தாய்மாமன் மடியை நான் பறிச்சுட்டேன்னு, உங்க ஊரு காமாட்சியம்மன் கோயில்ல, திறக்கவே திறக்காம சாமியாவே கும்பிடுற அந்தக் கதவுக்கு முன்னாடி சூடம் ஏத்தி, இனிமே என்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணினீக. அந்தச் சூடம் அணையறதுக்குள்ள அதே தட்டுல நானும் பண்ணினேன். நீங்க அன்னைக்கு மாம்பழக் கலர் சேலை. முந்தியில குங்குமக் கறை. எனக்கு எதுவும் மறக்காது. ஆனா பேசமாட்டேன்னுதான் சத்தியம். எழுதமாட்டேன்னு ரெண்டு பேருமே சொல்லல.

இது போன்ல சொல்ற சேதி இல்ல. எப்ப எடுத்தாலும் பிள்ளை பக்கத்துலயே நிக்கும். என் மகன் சுரேஷ்கண்ணனும் உங்க மக முனீஸ்வரியும் திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனப்ப, பிள்ளையை உங்ககிட்ட விட்டாக. அங்கன பள்ளிக்கூடம் நல்லா இருக்குன்னாக. கோம்பைப் பள்ளிக்கூடத்துல படிச்சவுக எல்லாம் மாடா மேய்க்கிறாக? அது வேற கதை. உங்க வீட்டுல கோழி இருக்குன்னு நாயை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போனாக.

ஜாங்கிரி போயிருச்சு. சனிக்கிழமை அழகுமலையோட திராட்சைத் தோட்டத்துப் பக்கம் போச்சு, அதோட போயிருச்சு. அவன்கிட்ட நான் கேட்டுக்கிறேன். இதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு இஷ்டமில்ல.

பிள்ளைகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும். எனக்குச் சொல்ல வராது. வெறும் வயித்துல சொல்லாதீக. குட்டியில இருந்து தன் கையால சோறு வச்சு வளர்த்த பிள்ளை, போன் எடுத்ததும் ஜாங்கிரி சாப்பிட்டுச்சான்னு கேக்கிற பிள்ளை அது. பேரும் அதுதான் வச்சுச்சு. தெருவுல நின்னு ஜாங்கிரி, ஜாங்கிரின்னு நான் கூப்பிட்டப்ப, கிழவி பலகாரக் கடை போட்டுட்டான்னு ஊரே சிரிச்சது. சிரிச்சவுக பேரெல்லாம் எங்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
கருத்தம்மாள்


தேவதானப்பட்டி
17-7-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு மலையம்மாள் வணக்கம்.

அம்மன் புண்ணியத்துல இங்கன எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க முழங்கால் வலி தேவலையா? வயசானவுகளைக் கேக்கிறது என் பழக்கம். அதுக்காகக் கேக்கிறேன்.

கடுதாசி வந்துச்சு. நல்லவேளை, தபால்காரர் பள்ளிக்கூட நேரத்துலதான் வர்றாரு. அன்னைக்கு நான் கட்டியிருந்தது மாம்பழக் கலர் இல்ல, கடுகுக் கலர். மறக்காதுன்னு சொல்லிட்டு நீங்க மறந்துட்டீக.

சொன்னபடி பிள்ளைக்கு வயிறு நிறைய இட்லி குடுத்துட்டுச் சொன்னேன். "ஜாங்கிரி தோட்டத்துப் பக்கம் ஓடிப் போயிருச்சாம் ஆத்தா. கோம்பை நாய் வீட்டை மறக்காது. தானா வந்துரும்." ஒரு நாயைக் கட்டிப்போட்டு வைக்க உங்களால முடியலையான்னு கேக்க வாய் வந்துச்சு. பிள்ளை முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன். இப்ப எழுதிட்டேன்.

பிள்ளை அழல. "கழுத்துல பட்டை இருந்துச்சா அம்மாச்சி?"ன்னு மட்டும் கேட்டுச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கும்பிட்டுட்டுத் திரும்புறேன், இது எவகிட்டயோ சூடம் வாங்கி ஏத்திக்கிட்டு, கதவைப் பார்த்துக் கணீர்னு சொல்லுது. "ஜாங்கிரி திரும்பி வந்தா என் முடி முழுசும் உனக்குத் தர்றேன்." அந்த இடுப்புக்குக் கீழ தொங்குற முடியை! பக்கத்துல நின்னவுக எல்லாம் திரும்பிப் பார்த்தாக. இந்தப் பழக்கத்தை யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சோ.

ராத்திரி சோத்துக்கு உட்காரும்போது முதல்ல ஒரு கை சோறு எடுத்துட்டுப் போய் வாசல்ல வைக்குது. ஜாங்கிரிக்கு வைக்காம நான் சாப்பிட்டதே இல்லைங்குது. தெரு நாய் தின்னுட்டுப் போகுது.

நாய் வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்க.

இப்படிக்கு,
மலையம்மாள்


கோம்பை
24-7-2024

சம்பந்தியம்மாவுக்கு, கருத்தம்மாள் எழுதிக்கொண்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கு.

போயிருச்சுன்னா செத்துப்போச்சு! இது கூடவா தெரியாது? என் வீட்டுக்காரர் போனப்ப, "உங்க சம்பந்தி முத்துக்கருப்பன் போயிட்டாக"ன்னுதான் ஆள் விட்டோம். எந்த பஸ்ஸுக்குன்னா கேட்டீக? மாலையோடதான வந்தீக. மல்லிகை கலக்காத மாலை. அதையும் நான் மறக்கல.

எழுத இஷ்டமில்லைன்னு எழுதியும் எழுத வச்சுட்டீக. அழகுமலை, கொடிக்கு அடிக்க மருந்து கலக்கி டிரம்முல வச்சிருக்கான். மூடி இல்ல. வெயிலுக்கு நாய் குடிச்சிருச்சு. உத்தமபாளையம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆட்டோ சொன்னேன். ஆட்டோ வந்து நின்னப்ப ஆட்டோவுக்கு வேலை இல்ல. நம்ம தோட்டத்துக் கிணத்து மேட்டுல, வேப்ப மரத்தடியில புதைச்சாச்சு. பட்டையைக் கழட்டி ஆணியில மாட்டியிருக்கேன்.

ஓடிப்போச்சுன்னு சொன்ன வாயாலயே உள்ளதைச் சொல்லுங்க. பிள்ளை சாமிகிட்ட வேற பேரம் பேசிருச்சு. நாள் ஆக ஆகக் கஷ்டம்.

கருத்தம்மாள்


தேவதானப்பட்டி
6-8-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். இங்கன சுகம். ரெண்டு நாளா எனக்குச் சளி. வேற ஒண்ணுமில்ல.

போயிருச்சுங்கிறது மனுசருக்குச் சொல்ற மரியாதை. நாய்க்கும் அதே மரியாதை குடுப்பீகன்னு நான் கண்டேனா? செத்துப்போச்சுன்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்ல. தப்பு உங்க எழுத்துல.

ஆனாலும் சொல்லிரலாம்னு போனேன். ராத்திரி, வாசல்ல சோறு வச்சுட்டு உட்கார்ந்திருந்துச்சு. கழுத்துச் சதை தொங்கிப்போன ஒரு கருப்பு நாய் தின்னுக்கிட்டு இருக்கு.

"இது ஜாங்கிரி இல்லையே ஆத்தா, இதுக்கு எதுக்குத் தினமும்?"ன்னு ஆரம்பிச்சேன்.

"ஜாங்கிரி இப்ப எங்கனயோ யார் வாசல்லயோ பசிச்சு நிக்கும்ல அம்மாச்சி. நான் இங்கன ஒரு நாய்க்கு வச்சா, அங்கன யாராச்சும் அதுக்கு வைப்பாக."

இதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்ல? நீங்களா இருந்தாச் சொல்லியிருப்பீகளோ என்னமோ. எனக்கு அந்த மனசு இல்ல.

அடுத்தாப்புல கேட்டுச்சு, "அப்பத்தா கட்டிப்போடாம விட்டுட்டாகளா?" சோறு ஆறுதுன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா பழி யார் மேல வரும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

எனக்கு ஒரு யோசனை. உங்க ஊர்ல தெருவுக்குத் தெரு செவலை நாய்தான். எல்லாம் ஒரே மூஞ்சி, ஒரே கருத்த வாய். ஒண்ணைப் பிடிச்சு அந்தப் பட்டையை மாட்டி விட்டா யாருக்குத் தெரியப் போகுது? பிள்ளை பார்த்தும் மாசமாச்சு.

மலையம்மாள்


கோம்பை
22-9-2024

சம்பந்தியம்மாவுக்கு, கருத்தம்மாள் எழுதிக்கொண்டது. சளி சரியாயிருச்சுன்னு பிள்ளை சொல்லுச்சு.

உங்க கடுதாசிக்குப் பதில் போடவே கூடாதுன்னு இருந்தேன். ஒரே மூஞ்சியாம். உங்க ஊர்க் கோழியெல்லாம் ஒரே மூஞ்சின்னு நான் சொன்னா விடுவீகளா? பிள்ளையை ஏமாத்துறது எங்க வீட்டு வழக்கம் இல்லைன்னு எழுதி, அந்தத் தாளைக் கிழிச்சும் போட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை போன்ல பிள்ளை கேட்டுச்சு. "அப்பத்தா, நீங்க தேடுனீகளா?" தேடிக்கிட்டே இருக்கேன்னு சொல்லிட்டேன். வாயில இருந்து தானா வந்துச்சு. பொய்யின்னு ஆன பிறகு அது அரையா இருந்தா என்ன, முழுசா இருந்தா என்ன. அழகுமலை தோட்டத்துக்குப் போனேன். அவனுக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறுல இருந்தே ஆகாது. தெரியும்ல.

"ஏலே, உன் டிரம்மு என் பேத்தி நாயைத் தின்னுருச்சு. என்ன சொல்ற?"

"பெரியாத்தா, நான் வேணும்னா பண்ணினேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தா இப்படி நின்னா பேசுவேன்? உன் நாய் எங்க?"

"அது காவலுக்கு ஆத்தா. காட்டுப்பன்னி வருது."

"உனக்குக் காட்டுப்பன்னி வருது. எனக்குப் பேத்தி வரும். நான் எதைக் காட்ட?"

அவன் பொண்டாட்டி மாரீஸ்வரிதான் போய் நாயை அவுத்துக் கயித்தை என் கையில குடுத்தா. செவலை, பொட்டை, அதே உயரம். பேரு என்னன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாக. "பேரெல்லாம் வைக்கல ஆத்தா, நாயின்னுதான் கூப்பிடுவோம்"னான்.

பட்டை மாட்டியாச்சு. வந்துருச்சுன்னு பிள்ளைகிட்டச் சொல்லியாச்சு. ஜாங்கிரின்னு கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்குது. காது மந்தம் போல.

கருத்தம்மாள்


தேவதானப்பட்டி
3-10-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு வணக்கம். நலமா இருக்கணும்னு சாமிகிட்டக் கேட்டுக்கிட்டே எழுதறேன். ஏன்னா இப்ப ரெண்டு பேரும் ஒரே குழியில விழுந்திருக்கோம்.

நாய் வந்துருச்சுன்னு நீங்க சொன்னதும் பிள்ளை குதிக்கும்னு நினைச்சேன். போனை வச்சுட்டுச் சும்மா நின்னுச்சு. "எந்தப் பக்கமிருந்து வந்துச்சாம் அம்மாச்சி?"ங்குது. நான் மலைப் பக்கமிருந்துன்னு அடிச்சு விட்டேன். யாராச்சும் கேட்டா நீங்களும் மலைன்னே சொல்லுங்க.

இப்ப முடிக்கு என்ன பதில்? நாய் வந்தா முடி தர்றேன்னு அது கதவு முன்னாடி சொல்லியிருக்கு. வேண்டுதலைத் தள்ளிப்போட்டாத் தெய்வக்குத்தம்னு நான்தான் சொல்லி வளர்த்திருக்கேன். பொய் நாய்க்கு மெய் முடி குடுத்தா அம்மன் சும்மா இருப்பாளா? அந்த முடிக்கு நான் எத்தனை செம்பருத்தி அரைச்சிருப்பேன். நினைச்சாத் தூக்கம் வரல. இதையெல்லாம் யாரும் யோசிக்கல. நான்தான் யோசனை சொன்னேன்னு எழுதாதீக, எனக்கே தெரியும்.

நாயைக் கண்ணால பார்த்த பிறகுதான் முடி குடுக்கணும்னு ஒரு சட்டத்தைச் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். தீபாவளிக்கு அனுப்புறேன். சண்முகராஜ் கூட்டிட்டு வருவான். இந்தத் தடவை நேரத்துக்கு வருவான்.

மலையம்மாள்

வாசல்ல சோறு வைக்கிறது நிக்கல. ஜாங்கிரிதான் வந்துருச்சே, இன்னும் எதுக்குன்னு கேட்டேன். "இந்தக் கருப்பு என்னை எதிர்பார்க்குமே அம்மாச்சி"ங்குது.


கோம்பை
7-11-2024

சம்பந்தியம்மாவுக்கு, கருத்தம்மாள் எழுதிக்கொண்டது.

சுகம். நீங்க குடுத்துவிட்ட அதிரசம் வந்துச்சு. பாகு கொஞ்சம் முத்திப்போச்சு. தின்னோம்.

சண்முகராஜ் நேரத்துக்கு வந்தான். ஒத்துக்கிறேன்.

கவலைப்பட்டீகளே, ஒண்ணும் ஆகல. பிள்ளை வாசல்லயே நின்னுச்சு. "ஜாங்கிரியப் பாரு, ஜாங்கிரியப் பாரு"ன்னு நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம் குத்துக்கால் வச்சு உட்கார்ந்து, "ஜாங்கிரி, வா"ன்னு கூப்பிட்டுச்சு. நாய் வரல. பிள்ளை உள்ள போய்ச் சோத்தைப் பிசைஞ்சு கையில எடுத்துட்டு வந்துச்சு. அதுக்கு வந்துச்சு. கையை நக்கி நக்கித் தின்னுச்சு. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. ஒண்ணுமே தெரியல பிள்ளைக்கு.

லீவு முடியுற வரைக்கும் அது இல்லாம இது இல்ல. தண்ணிச் சட்டி சின்னதுன்னு என்னை ஏசி, பெரிய சட்டி வைக்க வச்சுச்சு. முதுகுல உண்ணி இருந்துச்சு, ஒவ்வொண்ணாப் பொறுக்குச்சு. "ராத்திரி நீங்க சோறு பொங்குறதில்லையா அப்பத்தா?"ன்னு ஒரு கேள்வி. ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு, மத்தியானச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சாப் போகுதுன்னேன். மூஞ்சியை ஒரு மாதிரி வச்சுக்கிச்சு.

தோட்டத்துப் பக்கம் தனியா ஒருதடவை போச்சு. அழகுமலைகிட்ட என்னமோ பேசிட்டு வந்துச்சு. கண்ணு சிவந்திருந்துச்சு. கேட்டா, மருந்து வாடைன்னு சொல்லுச்சு. மறுநாளே அந்தப் பய எல்லா டிரம்முக்கும் மூடி வாங்கிப் போட்டுட்டான். நான் ஊர் கூட்டிக் கத்தினப்பப் போடாதவன்.

இன்னொண்ணு, சிரிப்பு. ரேஷன் கடை வேல்பாண்டி வாசல்ல நின்னு, "கருத்தம்மா, சீனி வந்திருக்கு"ன்னு சத்தம் குடுத்தான். நான் எந்திரிக்கிறதுக்குள்ள நாய் துள்ளி எந்திரிச்சு ஓடுது. காவல் புத்தி அப்படி. பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது. எதுக்குடின்னா சொல்லல.

பிள்ளை போன பிறகு பார்த்தா நாய் கழுத்துல பட்டையைக் காணோம். அது பையில போட்டு எடுத்துட்டு வந்திருச்சான்னு பாருங்க. முடியை எப்படியாச்சும் நிறுத்துங்க. எண்ணெய் தேச்சு விட்டேன், ரெண்டு கையிலயும் அடங்கல.

கருத்தம்மாள்


தேவதானப்பட்டி
19-11-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சுகம் விசாரிச்சதா நினைச்சுக்கங்க. பட்டை இங்கன வரல. பையை உதறிப் பார்த்துட்டேன்.

வெள்ளிக்கிழமை தலை சீவி விடும்போது மெதுவா எடுத்தேன். தள்ளிப்போட என்ன சாக்கு சொல்லலாம்னு அதோட வாயையே கிண்டிப் பார்க்கலாம்னுதான்.

"முடி நேர்ந்தியே ஆத்தா, அதை என்ன செய்ய?"

"என்ன செய்யணும்?"

"ஜாங்கிரிதான் வந்துருச்சே."

திரும்பிப் பார்க்காமயே சொல்லுச்சு. "ஜாங்கிரி வந்தாத்தான முடி. வரலையே அம்மாச்சி. சாமிக்குத் தெரியும்ல."

சீப்பு என் கையில அப்படியே நின்னுபோச்சு. எப்பத் தெரியும்னு கேட்டேன்.

"வாசல்லயே தெரியும். அது என்னை யாரோன்னு பார்த்துச்சு. தோட்டத்துல அழகுமலைச் சித்தப்பாகிட்டக் கேட்டேன். முழுசும் சொல்லிட்டாக. அங்கனயே அழுதுட்டேன்."

"அப்ப ஏன் அங்கன ஒண்ணுமே சொல்லல?"

"அப்பத்தா பார்த்துக்கிட்டே நின்னாக. 'ஜாங்கிரியப் பாரு'ன்னு ரெண்டு தடவை சொன்னாக. அந்த நாயும் பாவம், பசியில நிக்குது. ஜாங்கிரி இல்லைங்கிறதுக்காகச் சோறு வைக்காம இருக்க முடியுமா?"

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பத்தாகிட்டச் சொல்லாதீக அம்மாச்சி. கஷ்டப்பட்டுத் தேடிப் பிடிச்சிருக்காக"ன்னுச்சு. சரின்னு தலையில கை வச்சுச் சத்தியம் குடுத்தேன். சொல்லமாட்டேன்னுதான் குடுத்தேன். இப்ப எழுதறேன். இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சது நீங்கதான்.

ஒண்ணே ஒண்ணுதான் அதுக்கு மனசுல உறுத்துதாம். "அந்த நாய்க்குன்னு ஒரு பேர் இருக்கும்ல. தெரியாத மாதிரி நானும் செத்த நாய் பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். அது யாரையோ கூப்பிடுறாகன்னு நின்னுச்சு. அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான அது நம்ம வீடுன்னு இருக்கும்." என்ன பேருன்னு அதுக்கு ஒரு ஊகம் இருக்காம். கேட்டேன், சிரிக்குது. "நான் சொன்னா அப்பத்தா கோவிச்சுக்குவாக. அவுகளே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்"ங்குது.

மலையம்மாள்


தேவதானப்பட்டி
30-12-2024

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பதில் இல்ல. போன்ல பிள்ளைகிட்ட நல்லாத்தான் பேசுறீக, அதனால சுகம்னு தெரியுது. கோவமா?

கோவமாத்தான் இருக்கும். எனக்கும் ஒரு வாரம் அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்க்க முடியல.

அந்தக் கருப்பு நாய் எங்க கோழிக்கூட்டுக்குப் பின்னாடி குட்டி போட்டிருக்கு. நான் ஒண்ணும் வீட்டுக்குள்ள சேர்க்கல. சாக்கு மட்டும் போட்டேன், பனிக்காலமா இருக்கேன்னு. ஒரு கோழி மேலயும் அது பல்லு வைக்கல. நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்.

மலையம்மாள்


கோம்பை
22-1-2025

மதினிக்கு, கருத்தம்மாள் எழுதிக்கொண்டது.

நான் சுகம். நீங்க சுகமா? பிள்ளை சொல்லித் தெரியும்தான். இருந்தாலும் கேக்கிறேன்.

கோவம்தான். யார் மேலன்னு தெரியல. தெரியாமக் கோவப்பட்டு எனக்குப் பழக்கமில்ல. அதான் எழுதல.

பட்டை கிடைச்சிருச்சு. பொங்கலுக்கு முன்னாடி கிணத்து மேட்டுல புல்லு செதுக்கப் போனேன். வேப்ப மரத்தடியில ஒரு கல்லு நட்டிருக்கு. அதுக்குப் பட்டையைக் கட்டி விட்டிருக்கு. பக்கத்துல ஒரு சிரட்டை, தண்ணி வச்சுக் காஞ்ச தடம். பிள்ளை நல்ல தண்ணி வச்சிருக்கு. கிணத்துல இருந்து ஒரு வாளி சேந்தி அதை நிரப்பிட்டு வந்தேன்.

நாயோட பேரைக் கேக்கப் போனேன். அழகுமலை என்னைத் தூரத்துல பார்த்ததுமே மோட்டார் ரூமுக்குள்ள போயிட்டான். மாரீஸ்வரி மட்டும் நின்னா.

"நிசத்தைச் சொல்லுடி, நாய்க்கு என்ன பேரு?"

அவ முந்தியை எடுத்து வாயில வச்சுக்கிட்டா. "கோவிச்சுக்காதீக ஆத்தா. வாய்க்கால் தகராறுல நீங்க எங்க வாசல்ல நின்னு பொழுது சாயுற வரைக்கும் பேசுனீகள்ல. அன்னைக்குத்தான் இந்தக் குட்டியைத் தூக்கிட்டு வந்தாக. அதுவும் வாயை மூடவே இல்ல. இவுகதான் வச்சாக."

"என்ன வச்சான்?"

"கருத்தம்மா."

சிரிச்சு முடிச்சுட்டு மேல படிங்க.

மோட்டார் ரூம் கதவைத் தட்டலாம்னுதான் போனேன். அப்புறம் என்னமோ தோணுச்சு, வீட்டுக்கு வந்துட்டேன். அவன் பேரு கணக்குல இருக்கு, எங்கயும் போகாது. கதவைச் சாத்திட்டு, யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, ஒரே ஒருதடவை மெதுவாக் கூப்பிட்டேன். அடுப்படியில படுத்திருந்தது பாய்ஞ்சு வந்து என் கால்மேல தலையை வச்சுச்சு. இத்தனை மாசமாச் செத்ததோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, காது மந்தம்னு ஏசியிருக்கேன்.

சிவராத்திரிக்கு உங்க ஊருக்கு வர்றேன். பேசமாட்டேன். சத்தியம் சத்தியம்தான். பக்கத்துல உட்கார மாட்டேன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல, உங்களுக்கு இருக்கா? அந்தச் சேலையைக் கட்டிட்டு வாங்க. மாம்பழக் கலரா, கடுகுக் கலரான்னு பார்த்துரலாம்.

ஞாயித்துக்கிழமை பொழுது அடையுற நேரத்துல பிள்ளை போன் பண்ணுச்சு. நாய் பேரு தெரிஞ்சு போச்சுடின்னேன். அந்தப் பக்கம் மூக்கால ஒரு சத்தம். சிரிப்பை அடக்குதுன்னு தெரியுது. அப்புறம் எப்பவும் கேக்கிற கேள்வியையே கேட்டுச்சு.

"அப்பத்தா, கருத்தம்மா சாப்பிட்டுச்சா?"

நாயைக் கேக்குதா, என்னைக் கேக்குதான்னு நான் கேக்கல. சாப்பிட்டுச்சுன்னு சொன்னேன். சொல்லிட்டுப் போனை வச்சுட்டு, அடுப்பைப் பத்த வச்சு, ரெண்டு பேருக்கும் உலை வச்சேன்.

இப்படிக்கு,
பெரிய கருத்தம்மாள்